நான் விடாத மீனும் நாலாத் தவளையும்

போன வாரம் வினோத் போன் செய்தான். மலேரியா ஆபீசில் எனக்குப் பிறகு மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன். கொசுப்புழு தின்னும் மீனைக் காட்டு ஓடைகளில், எங்கள் தீவில் நாலா என்கிறவற்றில், இனிமேல் விடக்கூடாது, கிணறு, தொட்டி, வெட்டிய குளம் இவற்றில் மட்டும்தான் விடலாம் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணே, பாம்பூ பிளாட்டுக்கு மேல அந்த நாலால நீங்க அப்பவே மீன் விடாம திருப்பிக் கொண்டாந்துட்டீங்களாமே? ஆர்டர் இருந்தும் விடலன்னு ஆபீஸ்ல இன்னும் பேசிக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் எப்படி முன்னாலயே தெரிஞ்சுது?"

முன்னாலேயே தெரிவதற்கு நான் என்ன ஜோசியனா? "போன்ல சொல்ற கதை இல்லடா" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு சும்மா இருக்கவில்லை. குட்வில் எஸ்டேட்டில் மகள் வீட்டு மாடியில் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறவனுக்கு ஒரு வேலை கிடைத்தது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்காகக் கப்பலேறி அந்தமானுக்கு வந்தவர். நான் வளர்ந்தது ஷாதிபூரில். டி.ஆர்.எம். என்று இங்கே சொல்கிற தினக்கூலி ஆளாகத்தான் மலேரியா ஆபீசில் நுழைந்தேன். மருந்தடிக்கும் பம்பைத் தோளில் சுமந்தேன். விரல் நுனியைக் குத்தி ரத்த ஸ்லைடு எடுக்கக் கற்றேன். ஆபீசுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டிகளை ஒருநாள் என்னிடம் ஒப்படைத்தார்கள். பணி ஓய்வு வரை அவை என்னை விடவில்லை, நானும் அவற்றை விடவில்லை.

தொட்டியில் இருந்தது கம்பூசியா மீன். அழகும் கிடையாது, ருசியும் கிடையாது. வளர்ந்தாலும் சுண்டு விரல் தாண்டாது. ஆனால் கொசுப்புழு என்று ஒன்று தண்ணீர்மேல் நெளிந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. எனக்கு அந்த மீன்கள்மேல் அப்படி ஒரு பெருமை. "வீட்டுல யாரு சாப்பிட்டா, யாரு சாப்பிடலன்னு ஒருநாள் கேட்டதில்ல. தொட்டியில மீன் சாப்பிட்டுச்சான்னு ஞாயித்துக்கெழமையும் ஓடுறீங்க" என்பாள் என் வீட்டுக்காரி. பொய்யில்லை.

மீனை ஊருக்குக் கொண்டுபோவது ஒரு தனி வேலை. முதல்நாள் தீனி போடக்கூடாது. போட்டால் பையிலேயே கழிந்து தண்ணீர் கெட்டுவிடும். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் குறைவாகவும் காற்று அதிகமாகவும் இருக்க வேண்டும். வாயை ரப்பர் பாண்டால் இறுக்கி, நனைந்த சாக்கைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்துக் கொட்டிவிடக்கூடாது. பையோடு கிணற்றில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கிற தண்ணீரும் வெளியே இருக்கிற தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்த மேலதிகாரி மண்டல் சார். அந்தமானிலேயே பிறந்த வங்காளி. மெலிந்த உடம்பு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மழையோ வெயிலோ கையில் கறுப்புக் குடை. அதிர்ந்து பேச மாட்டார். திட்டவும் தெரியாது. தப்பு செய்தால் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுவார். அதைப் பார்த்ததும் செய்த வேலையைத் திரும்பச் செய்வோம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தண்ணீரிலும் மருந்தோ மீனோ விடுவதற்கு முன்னால் அள்ளிப் பார்க்க வேண்டும். அதற்கு நீளக் கைப்பிடி போட்ட வெள்ளை எனாமல் கரண்டி இருக்கும், டிப்பர் என்போம். நம் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. விழுந்தால் புழு அடியில் போய்விடும். கரண்டியைச் சாய்த்து, தண்ணீர் தானாக வழிந்து உள்ளே வரும்படி பிடிக்க வேண்டும். வெள்ளைக் கரண்டியில் புழு நன்றாகத் தெரியும். தலைகீழாகத் தொங்கினால் அது சாதாரணக் கொசு. தண்ணீரோடு தண்ணீராகப் படுத்த வாக்கில் கிடந்தால் மலேரியாக் கொசு. இது எல்லா ஊரிலும் உள்ள முறைதான். மண்டல் சார் செய்தது அதற்கு மேல் ஒன்று. தண்ணீர் யாருடையதோ அவர் கையில்தான் கரண்டியைக் கொடுப்பார். "உன் தண்ணீரில் புழு இருக்கிறது" என்று அவர் வாயால் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஹம் போலேகா தோ ஜகடா ஹோகா, பாபு" என்பார். நாம் சொன்னால் சண்டை வரும், அவனே பார்த்தால் வராது என்பது அவர் கணக்கு.

இனி தவளைக்கு வருகிறேன். பாம்பூ பிளாட்டுக்கு மேலே மலைக்காட்டில் ஓடும் நாலாக்களில் ஒரு தவளை உண்டு. கட்டைவிரல் அளவு, ஈரப்பாறையின் நிறம், பக்கவாட்டில் கறுப்பாக ஒரு பட்டை. அசையாதவரை பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது. மழை பிடித்ததும் கத்தும். தீப்பெட்டியை நகத்தால் தட்டுகிற மாதிரி டிக், டிக் என்று விட்டுவிட்டு வரும். முட்டையைத் தண்ணீரில் போடாது. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலையிலோ பாறைச் சரிவிலோ பசை போட்டமாதிரி ஒட்டிவிடும். பொரிந்ததும் குஞ்சு ஒவ்வொன்றாகக் கீழே தேங்கிய குழியில் சொட்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மெயின்லேண்டிலிருந்து தவளை ஆராய்ச்சிக்கு ஒரு பெண் வந்திருந்தாள். அந்தத் தவளை நம் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது என்று அவள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். லம்பா லைனில் அவள் தங்கியிருந்த வாடகை அறை தகரக் கூரை, அனல். முட்டை ஒட்டிய இலைகளை எங்கே வைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தாள். மண்டல் சார் எங்கள் தொட்டிப் பக்கம் நிழலில் வைக்கச் சொன்னார். அவள் தொட்டிக்குக் குறுக்கே கம்பி வலை போட்டு, இலைகளை அதில் தொங்கவிட்டாள். ஈரக்காற்று நன்றாக வருகிறதாம்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் இலையில் வெறும் பசைதான் மிச்சம். பொரிந்த குஞ்செல்லாம் வலைக்கண் வழியே சொட்டியிருக்கிறது. கீழே என் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்திருக்கிறார்கள். ஒன்று மிஞ்சவில்லை. அந்தப் பெண் என்னை முறைத்தாள். நான் மீன்களை முறைத்தேன். அவை அடுத்தது எங்கே என்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"உங்க மீன் கொசுப்புழு மட்டும்தான் தின்னும்னு நெனச்சேன் அண்ணா" என்றாள் கடைசியில். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அதற்கு அடுத்த மழையில்தான் அந்த விவகாரம் வந்தது. சுனாமி முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலையடிவாரத்தில் ஒரு சின்ன பஸ்தி, குடியிருப்பு. மேலே காடு, கீழே உப்பங்கழி. தமிழ், ராஞ்சிப் பழங்குடி, வங்காளக் குடும்பங்கள் கலந்து இருந்தார்கள். அங்கே காய்ச்சல் விடாமல் வந்தது. மழை வந்தால் தவளை கத்துகிறது, தவளை கத்தினால் காய்ச்சல் வருகிறது, ஆகையால் மேல் நாலாவில் தேங்கிய குழிகளில்தான் கொசு பிறக்கிறது, அங்கே மீன் விட வேண்டும் என்று ஊர்கூடி மனுக் கொடுத்தார்கள். ஆபீசும் சரி என்று உத்தரவு போட்டது.

மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் மாரியப்பன். அவருடைய அப்பா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். கழியோரம் கொஞ்சம் நெல்வயல் வைத்திருந்தார். அவர் மகள் செல்விக்கு ஆறு வயது. அந்த ஒரே மழைக்காலத்தில் அவளுக்கு இரண்டு தடவை மலேரியா வந்துவிட்டது. மறுபடி வந்தால் உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மண்டல் சாரும் நானும் மீன் பையோடு சாத்தம் துறையில் ஃபெர்ரி ஏறினோம். மாரியப்பன் எதிர்க்கரையில் பாம்பூ பிளாட் ஜெட்டியில் காத்திருந்தார். பையை என் கையிலிருந்து வாங்கித் தானே சுமந்தார். போகிற வழியில் தன் வயலைக் காட்டினார். சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து, கடல் ஏறும்போதெல்லாம் வயலுக்குள் உப்புத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் விட்டுவிடவில்லை. மண்ணும் கல்லும் தென்னந்தடியும் போட்டு ஆள் உயரத்துக்குக் கரை எழுப்பிக் கடலை வெளியே நிறுத்தியிருந்தார். மழைத்தண்ணீரை உள்ளே தேக்கி, உப்பைக் கரையவிட்டு, கடல் இறங்கும்போது பலகையைத் தூக்கி வடித்துவிடுவது. இப்படிச் சில மழைக்காலம் செய்தால் மண் தெளிந்துவிடும்.

"அந்த மூலையப் பாருங்க சார், புல்லு வந்துருச்சு" என்றார். "புல்லு வந்தா நெல்லு வரும். இன்னும் ரெண்டு மழை."

பார்த்தோம். நல்லது என்றோம். எனக்கு மீன் பையில் காற்று இறங்கிவிடுமோ என்ற கவலை. மேலே ஏறிவிட்டோம்.

மேல் நாலாவில் தண்ணீர் கல்லுக்குக் கல் குதித்து ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே பாறைக் குழிகள். நான் அள்ள ஆரம்பித்தேன். முதல் குழியில் ஒன்றுமில்லை. அடுத்ததில் தவளைக் குஞ்சு. அதற்கும் மேலே உள்ளதில் மறுபடி தவளைக் குஞ்சு, ஒரு இறால், ஒரு காய்ந்த இலை. இலையடியில், வேர் இடுக்கில், கரை ஓரத்தில், எங்கே அள்ளினாலும் படுத்த வாக்கில் கிடக்கும் புழு ஒன்றுகூட வரவில்லை. மழையில் நாலா பெருகும்போதெல்லாம் குழிகளைக் கழுவிக்கொண்டு போகிறது, புழு எங்கே தங்கும்? தலைக்கு மேல் ஒரு இலையில் முட்டைக் கொத்து தொங்கியது. உள்ளே குஞ்சுகள் சுருண்டு அசைவது தெரிந்தது. இன்றோ நாளையோ சொட்டிவிடும். கீழே மாரியப்பன் கையில் மீன் பை.

மண்டல் சார் குடையை மாற்றவில்லை. என்னைப் பார்த்தார். "மச்லி தேரா ஹை. தூ போல்" என்றார். மீன் உன்னுடையது, நீ சொல்.

விட்டுவிட்டு வந்திருக்கலாம். உத்தரவு இருந்தது, ஊரும் கும்பிட்டு வழியனுப்பியிருக்கும். ஆனால் விட்டால் என்ன ஆகும்? காய்ச்சலுக்கு வழி பண்ணியாகிவிட்டது என்று ஊர் நிம்மதியாகிவிடும். உண்மையான இடத்தை யாரும் தேடமாட்டார்கள். தவளையும் போகும், செல்விக்குக் காய்ச்சலும் வரும். "இங்க வேண்டாம் சார்" என்றேன்.

மாரியப்பன் பையைக் கீழே வைத்தார். "ஏன் சார்?"

"இங்க கொசுப்புழு இல்ல. மீனை விட்டா தவளைக் குஞ்சைத்தான் தின்னும்."

"தின்னட்டுமே!" குரல் உடைந்துவிட்டது. "எம் புள்ள ரெண்டு தடவ செத்துப் பொழச்சிருக்கு சார். தவளைக்குப் பாவம் பாக்குறீங்க, அதுக்குப் பாக்க மாட்டீங்களா? நீங்க புள்ள பெத்தவருதானே?"

நான் பெற்றவன்தான். அந்த நேரத்தில் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பையை எடுத்து நானே கவிழ்த்திருப்பேன். அவர் அதைக்கூடச் செய்யவில்லை. பையைத் தொடாமல் விறுவிறுவென்று இறங்கினார். பையை எடுத்துக்கொண்டு நாங்கள் பின்னால் இறங்கினோம்.

பாதி மலையில் ஒரு திருப்பம். அங்கிருந்து கீழே கழியும் வயலும் முழுசாகத் தெரியும். மண்டல் சார் நின்றார். குடை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போனது. நான் கீழே பார்த்தேன். கரைக்கு வெளியே கடல் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கரைக்கு உள்ளே தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன்மேல் பச்சையாகப் பாசி. பாதி உப்பு, பாதி மழை, மேலே பாசி. மலேரியாக் கொசுவுக்கு நம் தீவில் இதைவிட நல்ல தொட்டில் கிடையாது. காலையில் இதன் பக்கமாகத்தான் போனோம், நல்லது என்றும் சொல்லியிருந்தோம்.

கரையருகே மாரியப்பனைப் பிடித்தேன். எதுவும் சொல்லாமல் கரண்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"லே லோ, மாரி பாய்", வாங்கிக்கொள் என்றார் மண்டல் சார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "உன் கையி, உன் கண்ணு. நாங்க பேசல" என்றார்.

மாரியப்பன் வெறுப்போடு பிடுங்கி, பாசியை விலக்கி அள்ளினார். வெள்ளைக் கரண்டியில் கொசுப்புழு நிறைந்திருந்தது. எல்லாம் படுத்த வாக்கில். மனுக் கொடுக்க வந்தபோது ஆபீசில் அவருக்கு நானே படம் காட்டி விளக்கியிருந்தேன். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொட்டிவிட்டு இன்னொரு இடத்தில் அள்ளினார். அங்கேயும் அப்படித்தான். பிறகு நடந்துபோய் அந்த மூலையில், புல் முளைத்திருந்த இடத்தில் அள்ளினார். அதைக் கொட்டவில்லை. கரண்டியைப் பிடித்தபடியே கரைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க மீன் விடலாமா சார்?" என்றார். என்னைப் பார்க்காமல்தான் கேட்டார்.

பொய் சொல்லி ஆறுதல்படுத்த ஆசையாகத்தான் இருந்தது. "பாசிக்கு அடியில புழு ஒளிஞ்சுக்கும் மாரியப்பா. மீனால அங்க நுழைய முடியாது. கடல் வந்து வந்து போகணும். அப்பத்தான் பாசி நிக்காது, புழுவும் நிக்காது."

கடல் வந்து போக வேண்டுமானால் கரையை வெட்ட வேண்டும். கரையை வெட்டினால் வயல் இல்லை. "புல்லு வந்துருச்சே சார்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். மண்டல் சார் குடையை மடக்கிவிட்டு அவர் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கரையை வெட்டச் சொல்லி ஆபீசிலிருந்து எழுத்தில் உத்தரவு வாங்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் பஸ்தியில் ரத்த ஸ்லைடு எடுக்க நான் தனியாகப் போனபோது மாரியப்பன் கரையை வெட்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்த ராஞ்சிக்காரர்களைக் கிட்டே விடவில்லை. "நான் கட்டுனது, நானே வெட்டுறேன்" என்று விரட்டினார். கடல் ஏறும் நேரத்தில் வெட்டு வாயில் தண்ணீர் நுழைந்து, பாசியைப் புரட்டிக்கொண்டு உள்ளே போனது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கமாக வந்தார்.

"வயலும் போச்சு சார். மேல உங்க தவளை மட்டும் சொகமா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. காய்ச்சல் அடங்கியது. ஒரேயடியாக இல்லை, மெதுவாகத்தான், ஆனால் அடங்கியது. செல்விக்கு மூன்றாவது தடவை வரவில்லை. மாரியப்பன் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்தார். காலை ஃபெர்ரியில் அடிக்கடி பார்ப்பேன். என்னைக் கண்டதும் டெக்கின் அந்தப் பக்கம் போய்க் கடலைப் பார்த்து நிற்பார். மண்டல் சார் ஓய்வு பெற்றார், காலமானார். ஆர்டரை மீறியதற்கு எனக்கு ஆபீசில் வந்த பேச்சையெல்லாம் அவர்தான் வாங்கிக்கொண்டார் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. நானும் ஓய்வு பெற்றேன். மாரியப்பனின் முதுகை மட்டும் மறக்க முடியவில்லை. நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். சரி என்பது எல்லா நேரமும் தூக்கம் கொடுப்பதில்லை.

வினோத் போன் செய்த மறுநாள் அந்தப் பஸ்திக்குக் கிளம்பிவிட்டேன். மகள் திட்டினாள், முழங்காலை வைத்துக்கொண்டு மலையேறப் போகிறீர்களா என்று. வயல் இருந்த இடத்தில் இப்போது உப்புத்தண்ணீரில் வளரும் கண்டல் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. மாரியப்பன் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "மேல போகணுமா?" என்றார். போகிற வழியில், செல்வி ஹட்பேயில் டீச்சராக இருக்கிறாள், ஒரு பையன் இருக்கிறான் என்று அவராகவே சொன்னார்.

முந்தின நாள் மழை. நாலாவை நெருங்கும்போதே டிக், டிக் கேட்டது. நான் குழிக்குள் கால் வைக்கப் போனேன். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அங்க வேணாம் சார், குஞ்சு கெடக்கு. இந்தக் கல்லு மேல வாங்க."

கல்லில் உட்கார்ந்தோம். "நம்ம பஸ்தி பசங்க போன வருஷம் திலேப்பியா மீன் கொண்டாந்தாங்க" என்றார். "குழியில விட்டு வளத்துத் திங்கலாமாம். நான் விடல. பெரிய சண்டையாயிருச்சு."

"தவளை மேல இப்ப அவ்வளவு பிரியமா மாரியப்பா?"

"பிரியமா? ராத்திரி முழுக்கக் கத்தித் தொலைக்கும் சார். எனக்கு இன்னிக்கும் புடிக்காது." குழியில் மிதந்த ஒரு சருகை எடுத்து வெளியே போட்டார். "அந்தக் கரைய வெட்டுனதுல எனக்கு மிஞ்சுனது ரெண்டு சார். ஒண்ணு ஹட்பேல இருக்கு. இன்னொண்ணு இது. இதையும் மீனுக்குக் குடுத்துட்டா, நான் அத எதுக்கு வெட்டுனேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வயசானால் இது ஒரு தொல்லை. அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

திரும்பும்போது அவருக்கும் போர்ட் பிளேரில் வேலை இருந்தது. ஃபெர்ரியில் ஏறியதும் நான் வழக்கமாக நிற்கும் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார். சாத்தத்தில் இறங்கப் பலகை போடும் நேரத்தில் கேட்டார்.

"மீன் தொட்டி இன்னும் இருக்கா சார்?"

"இருக்கு."

"கெணத்துல மட்டும் விடச் சொல்லுங்க" என்றார்.